கறார் உள்ளே போன நாள்

அந்த ஸ்கேன் சென்டரில் மூன்றாம் மாடி பெண்களுக்கானது. லிஃப்டை விட்டு வெளியே வந்தால் எதிரே கண்ணாடிக் கதவு. அதைத் தாண்டினால் நாற்காலிகள் போட்ட கூடம். கூடத்தின் கோடியில் ஸ்கேன் அறை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல் கிடக்கும், அதில் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரைத்தான் எல்லோரும் கறார் என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது, அதையும் யாரும் படித்ததில்லை.

பெயர் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தங்கைக்குத் துணையாக வந்ததாகச் சொன்ன ஒரு தடியன் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, கையிலிருந்த போனில் அங்கிருந்த பெண்களைப் படம் பிடித்தான். கறார்தான் கண்டுபிடித்தார். அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் படியில் இறக்கிக்கொண்டு போன கதையை அந்தக் கட்டடத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். நிர்வாகம் போட்ட விதி என்னவோ ஸ்கேன் அறைக்குள் துணைக்கு வரும் ஆண்கள் போகக்கூடாது என்பதோடு சரி. அன்றிலிருந்து கறார் அதைக் கண்ணாடிக் கதவு வரைக்கும் நீட்டிவிட்டார். ‘ஆண்கள் இதற்கு மேல் வரக்கூடாது’ என்று தானே போர்டு எழுதச் சொல்லி மாட்டினார். கணவன், அண்ணன், அப்பா, எவராக இருந்தாலும் கீழேதான். அழுதாலும் சரி, அதட்டினாலும் சரி, அவரிடம் பருப்பு வேகாது. மேனேஜரே மேலே ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போன் போட்டுத்தான் சொல்வார். நிர்வாகத்துக்கும் இது வசதியாகப் போயிற்று, யாரும் கேள்வி கேட்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு வந்த வியாதியைப் பாருங்கள். வேறு எங்கேயும் வரவில்லை, மார்பில் வந்தது.

முதலில் விசில் கயிறு உரசியபோது இடது காம்பில் சுருக்கென்று வலித்தது. பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிட்டார். சில வாரத்தில் தோலுக்கு அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அப்புறம் வலது பக்கமும் உப்ப ஆரம்பித்தது. ஆள் ஒன்றும் குண்டில்லை. வயிறு அப்படியே இருக்க, மார்பு மட்டும் சட்டையை முட்டியது. ஒரு நாள் குளியலறைக் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தவர், விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே குளித்து முடித்தார். அன்றைக்கு அவருக்கு வந்தது பயம் இல்லை, அவமானம். ஆம்பளைக்கு அந்த இடத்தில் என்ன பெரிய வியாதி வந்துவிடப் போகிறது என்று நினைத்தார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்பதுதான் கவலை.

வைத்தியமும் அந்தக் கவலைக்குத்தான் செய்துகொண்டார். தண்டால் எடுத்தார். மூச்சு வாங்கியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. சுளுக்குத் தைலம் தேய்த்தார், எரிச்சல் தாங்காமல் குதித்தார். கடைசியில் மருந்துக் கடையில் முதுகு வலி என்று பொய் சொல்லி இடுப்பு பெல்ட் ஒன்று வாங்கி மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டார். அதற்கு மேல் பனியன், அதற்கு மேல் யூனிஃபார்ம். போதாததற்கு எந்நேரமும் கைகளைக் கட்டிக்கொண்டே நின்றார். பார்க்கிறவர்கள், கறார் இன்னும் கறாராகிவிட்டார் என்று பயந்தார்கள்.

லிஃப்ட்காரர் மட்டும் பயப்படவில்லை. “என்னண்ணே, அண்ணி சமையல் எல்லாம் நேரா நெஞ்சுக்கே போகுது போல” என்று ஒரு நாள் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுச் சிரித்தார். சொன்னவருக்கு அது வெறும் கேலி. கறாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து படியேறித்தான் வந்தார். இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, அதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர், லிஃப்டுக்குப் பயந்து படியேறினார்.

அவர் மனைவி துணி தேய்க்கும் கடையில் வேலை பார்ப்பவர். ஊரார் சட்டைகளையெல்லாம் தேய்த்துத் தேய்த்து, ஒரு சட்டையைப் பார்த்தே போட்டவனின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிற பெண்பிள்ளை. புருஷன் சட்டையில் இரண்டாவது பட்டன் மட்டும் நூல் தளர்ந்து தொங்குவதை அவர் கவனிக்காமல் இருப்பாரா? வீட்டிலும் பட்டனைக் கழற்றாமல் திரிகிறார், தூங்கும்போதும் பனியன், குளியலறைக்குள் போனால் தாழ்ப்பாள். இதற்கெல்லாம் சேர்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கொடியில் காயப்போட்டிருந்த பெல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் எதிரே வந்து நின்றார்.

“இது யாருக்காக? வயசான காலத்துல யார் முன்னாடி எளச்சுக் காட்டணும்னு இதைக் கட்டிக்கிட்டுத் திரியறீங்க?”

“முதுகு வலி.”

“முதுகு வலிக்கு இடுப்புல கட்டுவாங்க. இது நெஞ்சு அளவுக்கு இழுத்து வச்சிருக்கு. யாரவ?”

உண்மையைச் சொல்வதைவிட ஒரு பெண் இருக்கிறாள் என்று ஒப்புக்கொள்வது சுலபம் என்றுகூடக் கறாருக்கு ஒரு நொடி தோன்றியது. பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

மனைவி பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். சந்தேகம் தீர்ந்த நிம்மதியில் வந்த சிரிப்பு அது, கேலியே இல்லை. ஆனால் கறார் முகம் கறுத்துப்போயிற்று. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார். இடது பக்கம் விரல் பட்டதும் கை அப்படியே நின்றது.

“இது என்ன, கல்லு மாதிரி?”

“எனக்கென்ன தெரியும்.”

“தினமும் அந்த வாசல்ல உட்கார்ந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா?”

கட்டி என்ற சொல்லை அவர் எத்தனையோ வாய்களிலிருந்து கேட்டிருக்கிறார். அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த முகங்களையும் பார்த்திருக்கிறார். சிலர் வரும்போதே போனில் பேசிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். சிலர் லிஃப்ட் பட்டனை அழுத்த மறந்து அதன் முன்னால் நின்றுகொண்டே இருப்பார்கள். அதெல்லாம் பெண்கள் சமாசாரம் என்று இருந்தவருக்கு, மனைவியின் கை நின்ற இடத்தில் முதல் தடவையாகப் பயம் வந்தது.

ஊரின் மறுகோடியில், தெரிந்தவர் யாரும் வராத ஒரு கிளினிக்காகப் பார்த்துப் போனார்கள். டாக்டர் நிதானமான மனிதர். இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார், அக்குளில் பார்த்தார், சாப்பிடுகிற மாத்திரைகளையெல்லாம் எடுத்து மேஜையில் வைக்கச் சொன்னார். கால் வீக்கத்துக்கான மாத்திரையை மட்டும் தனியே நகர்த்தினார்.

“இதைச் சாப்பிடற ஆம்பளைங்க சில பேருக்கு இப்படி ஆகும். வெட்கப்பட இதுல ஒண்ணும் இல்ல. இதைச் சாப்பிட ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு?”

“ஒரு வருஷம் இருக்கும் சார்.”

“வீக்கம்?”

“அதுக்கப்புறம்தான்.”

“அப்ப புதுசுதான். நல்லது. உங்க இதய டாக்டர்கிட்ட பேசி இதுக்குப் பதிலா வேற மாத்திரை மாத்தலாம், பல பேருக்குத் தானா வத்திடும். நீங்களா நிறுத்திடாதீங்க, அப்புறம் மூச்சுத் திணறும். வலி ஜாஸ்தின்னா கொஞ்ச மாசம் சாப்பிட மருந்து இருக்கு. நாள்பட்டு நார் மாதிரி இறுகிடுச்சுன்னாதான் மருந்து கேக்காது, அப்ப ஆபரேஷன். வெறும் கொழுப்புன்னா குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பாங்க. உள்ள இருக்கற சுரப்பியே வளந்திருந்தா காம்பைச் சுத்தி சின்னதா கீறி எடுப்பாங்க. தழும்புகூட பெருசாத் தெரியாது.”

கறாருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. “அப்ப மாத்திரைய மாத்திட்டாப் போதும்ங்களா?”

“இருங்க.” டாக்டர் குரல் மாறியது. “வலது பக்கம் காம்புக்கு நேர் கீழ சமமா இருக்கு, மெத்துனு இருக்கு. இடது பக்கம் அப்படி இல்ல. கொஞ்சம் ஓரமா, கெட்டியா இருக்கு. ஆம்பளைங்களுக்கும் புத்துநோய் வரும். அபூர்வம்தான், ஆனா வராதுன்னு சொல்லமாட்டேன். முதல்ல ஸ்கேன். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.”

சீட்டை எழுதி நீட்டினார். அதில் இருந்தது கறார் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரின் பெயர்.

“வேற இடம் இல்லீங்களா சார்?”

“இந்த மிஷின் நம்ம ஊர்ல அங்க மட்டும்தான் இருக்கு. ஏன், அங்க என்ன?”

“ஒண்ணுமில்ல” என்றார் கறார்.

அந்தச் சீட்டு பர்ஸுக்குள் போனது. அதோடு சரி. தினமும் காலையில் அதைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டே கண்ணாடிக் கதவு முன்னால் உட்கார்ந்தார். உள்ளே போனால் இத்தனை வருஷம் கட்டிக்காத்த மானம் போகும். போகாவிட்டால் உயிரே போகலாம். இரண்டையும் ஒரே ஸ்டூலில் வைத்துக்கொண்டு மனிதர் எப்படித்தான் உட்கார்ந்திருந்தாரோ. மனைவி கேட்டபோதெல்லாம், “மிஷின் ரிப்பேர், ஆள் வரணும்” என்றார். அந்த ஊரில் வேறு எவன் சொன்னாலும் எடுபடாத பொய். அவர் சொன்னால் நம்பித்தானே ஆகவேண்டும்? மனைவி நம்பினார். பிறகு சந்தேகம் வந்து, கடை போனிலிருந்து ஸ்கேன் சென்டருக்கே கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். மிஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருப்பதாக ரிசப்ஷன் பெண் சொன்னாள்.

அன்று வீட்டில் சண்டை நடக்கவில்லை. மனைவி சத்தமே போடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அது சண்டையைவிட மோசமாக இருந்தது.

“எனக்கு உங்க மானம் வேண்டாம்” என்றார் கடைசியில். “நீங்கதான் வேணும். நானும் கூட வர்றேன்.”

“நீ வந்தா உனக்குத்தான் வியாதின்னு நினைப்பாங்க.”

“நினைச்சுட்டுப் போகட்டும். வேணும்னா நானே பேஷண்ட் மாதிரி நடிக்கிறேன். நீங்க பின்னாலயே நைஸா நுழைஞ்சிடுங்க.”

தாங்க முடியாமல் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கறார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனியாகவே போவதாக வாக்குக் கொடுத்தார்.

லீவு நாளாகப் பார்த்துப் போனார். காக்கி இல்லை. தொளதொள சட்டை, முகத்தில் மாஸ்க். ரிசப்ஷனில் சீட்டை நீட்டினார். அந்தப் பெண் சீட்டைப் படித்தாள், நிமிர்ந்து அவர் கண்களைப் பார்த்தாள், ஒரு கேள்வியும் கேட்காமல் டோக்கனைக் கொடுத்தாள். பழக்க தோஷத்தில், “மூணாவது மாடி, லிஃப்ட் அந்தப் பக்கம்” என்று வழியும் சொன்னாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கறார் படியில் ஏறினார். இரண்டாவது மாடிக்கு மேல், படி திரும்புகிற இடத்தில், ஒரு ஆள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். வழி விட்டு ஒதுங்கினார். கறார் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போனார்.

கண்ணாடிக் கதவு முன்னால் மாற்று ஆள் உட்கார்ந்திருந்தார். கறாரே பார்த்துப் பார்த்துப் பழக்கிய ஆள். மாஸ்க்கைத் தாண்டியும் அடையாளம் கண்டு எழுந்து நின்றார்.

“என்னண்ணே, லீவுலயும் செக்கிங்கா?”

“உள்ள போகணும்.”

“உள்ள லேடீஸ் இருக்காங்களேண்ணே.” மாற்று ஆள் சிரித்தார். “எனக்கு டெஸ்ட் வைக்கறீங்களா? விடமாட்டேன். மேனேஜரா இருந்தாலும் விடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க.”

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலிகளில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிப் போய்விடலாம், சும்மா சோதித்துப் பார்த்தேன் என்று தோளில் தட்டிவிட்டு இறங்கிவிடலாம். கால்கூடப் படிப் பக்கம் நகர்ந்துவிட்டது. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் நினைவுக்கு வந்தார். கறார் மாஸ்க்கை இறக்கினார்.

“டெஸ்ட்டு எனக்குத்தான்பா. நெஞ்சுல கட்டி. நான் பேஷண்ட்” என்று டோக்கனைக் காட்டினார்.

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தார். குரல் உடைந்து உரக்க வந்துவிட்டது. மாற்று ஆள் டோக்கனைப் பார்த்தார், அவர் மார்பைப் பார்த்தார், சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தத் தாழ்ந்த கண்களைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மாஸ்க்கை மறுபடி ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்.

எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். தலையோடு நீல நிறச் சால்வை போர்த்திய ஒரு பெண், பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார்.

ஸ்கேன் அறையில் இருந்த டாக்டரம்மா தினமும் காலையில் அவருக்குத் தலையசைத்துவிட்டுப் போகிறவர். அவரைப் படுக்கையில் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தார், உடனே சமாளித்துக்கொண்டார். குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை அழுத்தினார். கறார் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் சீக்கிரம் முடிந்தது. இடது பக்கம் முடியவில்லை. கருவி போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனது. டாக்டரம்மா திரையோடு ஒட்டிக்கொண்டார். கறாருக்குத் தன் வாழ்க்கை முழுக்க அந்தக் கருவிக்கு அடியில் மாட்டிக்கொண்டதைப்போல் இருந்தது.

“எப்ப கவனிச்சீங்க?”

“நாலஞ்சு மாசம் இருக்கும்மா.”

“தினமும் இந்தக் கதவுகிட்டதானே இருந்தீங்க? அன்னிக்கே வந்திருக்கலாமே?”

“கதவுக்கு வெளியிலதானேம்மா இருந்தேன்.”

டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். திரையை அவர் பக்கம் திருப்பினார். “இதோ பாருங்க. சுரப்பிதான் வளந்திருக்கு, ஒரு பக்கமாச் சாஞ்சு வளந்திருக்கு, அதான் கெட்டியாத் தெரியுது. கெட்டது எதுவும் இல்ல. மாத்திரைய மாத்தினா வத்திடும். வத்தலன்னா ஆபரேஷனை அப்புறம் யோசிக்கலாம்.”

கறார் எழுந்தார், சட்டையைப் போட்டார், பட்டனை மாற்றிப் பூட்டினார். கூடத்துக்கு வந்ததும் அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான், ஆனால் அது பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? நீலச் சால்வைப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாதீங்கண்ணே. எனக்கும் போன வருஷம் இப்படித்தான் சொன்னாங்க. ஒரு பக்கம் எடுத்தாச்சு. முடியெல்லாம் கொட்டி மறுபடி முளைச்சிடுச்சு பாருங்க.” சால்வையை விலக்கிக் குட்டை முடியைக் காட்டினாள். “இன்னிக்கு இன்னொரு பக்கம் பாக்கணுமாம். தைரியமா இருங்க.”

அவளிடம் தனக்கு ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது? பொய்யாகத் தேறுதல் வாங்கிக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை.

“எனக்கு... அது இல்லையாம்மா. சும்மா வீக்கம்தானாம்” என்றார், குற்றம் செய்தவரைப்போல.

“அப்பாடா!” என்று அவள் அவர் கையைக் குலுக்கினாள். கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். முன்பின் தெரியாத ஒருவருக்காக அவ்வளவு மனதாரச் சந்தோஷப்பட்டாள். “முதல்ல வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க.”

“நீங்க தனியாவாம்மா வந்திருக்கீங்க?”

“வீட்டுக்காரர் வந்திருக்கார். படியில நிக்கிறார். இங்க ஆம்பளைங்கள உள்ள விடமாட்டாங்க. போன வருஷம் எனக்கு ரிசல்ட் சொன்ன அன்னிக்கு, பக்கத்துல உட்கார மட்டும் விடுங்கன்னு வாசல்ல கெஞ்சியிருக்கார். அந்த செக்யூரிட்டி கீழ போன்னுட்டாராம். நான் கேட்டுட்டு இங்க தனியா உட்கார்ந்திருந்தேன், அவர் அங்க நின்னுட்டிருந்தார்.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “பாவம், அந்த ஆளுக்கும் அது ரூல்.”

அது ரூல் இல்லை. யாரும் போடச் சொல்லாத ஒன்று. கறாருக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது. காலையிலிருந்து பட்டதெல்லாம் அவமானமே இல்லை, இதுதான் அவமானம். எத்தனை பேரைப் படியில் இறக்கியிருப்பார்! ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை.

உள்ளேயிருந்து அவள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவள் சிரிப்பு பட்டென்று நின்றது. எழுந்து சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள். அறைக் கதவு சாத்திக்கொண்டது.

கறார் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து படியில் இறங்கினார். திருப்பத்தில் அந்த ஆள் அப்படியே நின்றிருந்தார். கறார் மாஸ்க்கைக் கழற்றினார். அந்த ஆளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சட்டென்று இரண்டு படி கீழே இறங்கி, “இங்கதான் சார் நிக்கிறேன், மேல வரல” என்றார்.

“மேல வாங்க” என்றார் கறார்.

“இல்ல சார், நான் இங்கயே...”

“அவங்க இப்பதான் உள்ள போயிருக்காங்க. வெளிய வர்றப்ப நீங்க அங்க இருக்கணும். வாங்க.”

வாசலில் மாற்று ஆள் குறுக்கே வந்தார். “அண்ணே, இவரும் பேஷண்ட்டா?”

“இல்ல. கதவைத் திற.”

“ரூல்ணே...”

“அது நான் பண்ண தப்பு. திறப்பா.”

கதவு திறந்தது. நீலச் சால்வைக்காரி எழுந்துபோன நாற்காலியைக் கறார் காட்டினார். எவராவது வந்து எழுப்பி விரட்டிவிடுவார்கள் என்பதைப்போல, அந்த ஆள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஸ்கேன் அறைக் கதவு இன்னும் திறக்கவில்லை. வீட்டுக்குப் போன் செய்யச் சட்டைப் பையில் கையை விட்ட கறார், போனை வெளியே எடுக்காமல் அந்த ஆளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.